ஓசோன் எவ்வளவு என்று தெரியும்... ஏன் என்று யார் சொல்வது?

ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர், அக்டோபர் வந்தால் அண்டார்டிகாவுக்கு மேலே உள்ள ஓசோன் ஓட்டை பற்றிச் செய்தி வரும். ‘இந்த வருஷம் சின்னது’, ‘போன வருஷத்தைவிடப் பெருசு’ என்று ஒரு நீல நிறப் படத்தோடு நோட்டிஃபிகேஷன் வந்து போகும். ஓட்டையின் அளவைச் சொல்லும் செயற்கைக்கோள்கள் இனிமேலும் இருக்கும். ஆனால், அது ஏன் சுருங்கியது, ஏன் விரிந்தது என்று சொல்லக்கூடிய செயற்கைக்கோள்கள் வயதாகி, விடைபெறும் கட்டத்துக்கு வந்துவிட்டன. அதே வேலையை முழுசாக எடுத்துச் செய்ய வாரிசு தயாராக இல்லை. கவலைப்பட வேண்டிய விஷயம் இதுதான்.

எவ்வளவு, ஏன்: என்ன வித்தியாசம்?

காய்ச்சல் எத்தனை டிகிரி என்று தெர்மாமீட்டர் சொல்லிவிடும். அது டெங்குவா, டைஃபாய்டா என்று ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். ஓசோன் படலத்துக்கும் அதே கதைதான். ஓசோன் இருப்பது தரையிலிருந்து சுமார் 15 முதல் 50 கி.மீ. உயரத்தில் உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் அடுக்கில். அங்கே ஓசோன் குறைகிறது என்றால், காரணம் குளோரினா, எரிமலையா, காட்டுத்தீப் புகையா, அல்லது அந்த வருஷத்துக் குளிரா என்று தெரிய வேண்டும். அதற்கு ஓசோனோடு சேர்த்து குளோரின் மோனாக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு, நைட்ரிக் அமிலம், நீராவி என்று ஒரு பட்டியலையே அளக்க வேண்டும்.

700 கி.மீ. மேலிருந்து எப்படி அளக்கிறார்கள்?

நேராகக் கீழே பார்த்தால் எல்லா அடுக்கும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். எது எந்த உயரத்தில் என்று பிரிப்பது கஷ்டம். அதனால் இந்தக் கருவிகள் பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்க்கின்றன. பார்வையை மேலும் கீழும் நகர்த்தினால் ஒவ்வொரு உயரத்துக்கும் தனிக் கணக்கு கிடைக்கும்.

நாசாவின் ஆரா செயற்கைக்கோளில் உள்ள எம்எல்எஸ் என்ற கருவி ஒரு ரேடியோ மாதிரி. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அலைவரிசையில் மெல்லிய நுண்ணலையை வெளியிடும். எஃப்எம் ஸ்டேஷனைப் பிடிப்பது போல அந்த அலைவரிசையைப் பிடித்தால், எந்த மூலக்கூறு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். இதற்கு வெயில் தேவையில்லை. ஆறு மாத துருவ இருட்டிலும், எரிமலைப் புகைக்கு நடுவிலும் வேலை செய்யும். ஒரு நாளைக்குச் சுமார் 3,500 இடங்களில் அளக்கும்.

கனடாவின் சைசாட் வேறு வழியில் போகிறது. விளிம்பில் சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும், காற்றைக் கடந்து வரும் ஒளியில் எந்தெந்த நிறம் உறிஞ்சப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறது. ஒரு நாளைக்கு 30 முறைதான் வாய்ப்பு. ஆனா, 30-க்கும் மேற்பட்ட வாயுக்களை அடையாளம் காணும்.

‘ஏன்’ என்ற கேள்வி எதை மாற்றியது?

1985-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்ளின் மூவரும் அண்டார்டிகாவில் ஓசோன் சரிந்திருப்பதை அறிவித்தார்கள். தரையில் வைத்த கருவியில் கிடைத்த கணக்கு அது. சரிவு உண்மை என்பது சீக்கிரமே உறுதியானது. காரணம் மட்டும் உறுதியாகவில்லை. காற்றோட்டம் மாறியதால் என்றார்கள் சிலர். சூரியனின் சுழற்சியால் என்றார்கள் சிலர். ஃபிரிட்ஜிலும் ஸ்பிரேயிலும் இருந்த சிஎஃப்சி வாயுதான் என்றார்கள் இன்னும் சிலர்.

1987-ல் சிலியின் புன்ட்டா அரெனாஸ் நகரிலிருந்து நாசாவின் உயரப் பறக்கும் விமானம் அந்த ஓட்டைக்குள்ளேயே போய் அளந்தது. குளோரின் மோனாக்சைடு எங்கே ஏறியதோ, அங்கே ஓசோன் இறங்கியிருந்தது. அதோடு அந்த விவாதம் கிட்டத்தட்ட முடிந்தது. அதே செப்டம்பரில் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தம் அடுத்தடுத்த ஆண்டுகளில் கடுமையானதற்கு இந்த ஆதாரம் பெரிய பலம். 1991-ல் போன யுஏஆர்எஸ் செயற்கைக்கோள், விமானம் ஒரு கோடாகப் பார்த்ததை முழு வரைபடமாகவே காட்டியது.

தடை வேலை செய்கிறது என்பதையும் இதே வழியில்தான் நிரூபித்தார்கள். 2005-க்கும் 2016-க்கும் இடையே அண்டார்டிகாவின் குளிர்கால ஓசோன் இழப்பு சுமார் 20 சதவீதம் குறைந்ததையும், அதற்குக் காரணம் குளோரின் குறைந்ததுதான் என்பதையும் ஆராவின் அளவீடுகளை வைத்து 2018-ல் நாசா விஞ்ஞானிகள் காட்டினார்கள்.

வானம் இப்போது அமைதியாக இல்லை

2019-20 ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின் புகை ஸ்ட்ராட்டோஸ்பியர் வரை ஏறியது. அங்கே ஹைட்ரஜன் குளோரைடு வழக்கத்துக்கு மாறாகக் குறைந்ததை ஆராவும் சைசாட்டும் பதிவு செய்தன. 2022 ஜனவரி 15 அன்று டோங்கா அருகே கடலடி எரிமலை வெடித்தபோது சுமார் 14.6 கோடி டன் நீராவி மேலே போனது. ஸ்ட்ராட்டோஸ்பியரில் ஏற்கெனவே இருந்த மொத்த நீராவியில் கிட்டத்தட்ட 10 சதவீதம் அது. இந்தக் கணக்கு எம்எல்எஸ் சொன்னது.

2020 முதல் 2023 வரை ஓசோன் ஓட்டை பெரிதாகவும், சீக்கிரம் மூடாமலும் இருந்தது. அளவை மட்டும் பார்த்தவர்களுக்குத் தடை தோற்றுவிட்டதோ என்றுகூடத் தோன்றியிருக்கும். குளோரின் தொடர்ந்து குறைகிறது என்ற கணக்கு கையில் இருந்ததால்தான் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல முடிந்தது.

இது எங்கோ தென் துருவத்துக் கதை மட்டுமில்லை. நம்ம பருவமழை மேகங்கள் ஆசியாவின் மாசைச் சுமார் 15 கி.மீ. உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதை, கார்பன் மோனாக்சைடு அளவை வைத்துக் காட்டியதும் ஆராதான். எரிந்து விழும் ராக்கெட், செயற்கைக்கோள் பாகங்களின் உலோகம் ஸ்ட்ராட்டோஸ்பியர் துகள்களில் சுமார் 10 சதவீதத்தில் இருப்பதாக 2023-ல் ஒரு விமான ஆய்வு சொன்னது. இதன் விளைவையும் யாராவது கண்காணித்தாக வேண்டும்.

அடுத்தது யார்?

சைசாட் 2003-ல் 2 ஆண்டுக்காகப் போனது. ஆரா 2004-ல் 5 ஆண்டுக்காகப் போனது. இரண்டும் 20 ஆண்டைத் தாண்டி உழைத்துவிட்டன. ஆராவின் சோலார் பேனல் தரும் மின்சாரம் குறைந்துகொண்டே வருகிறது. எம்எல்எஸ் தேய்ந்துவிடாமல் இருக்க, நீராவி போன்ற சில அளவீடுகளை மாதத்தில் சில நாள் மட்டுமே எடுக்கும் நிலையும் வந்தது.

அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களில் உள்ள ஓஎம்பிஎஸ் கருவிகள் ஓசோனை அளக்கும், குளோரினை அளக்காது. பெல்ஜியம் முன்னெடுக்கும் ஆல்டியஸும் முக்கியமாக ஓசோனுக்கானது. ஐரோப்பாவின் கெய்ர்ட் திட்டம் 2025-ல் கடைசிச் சுற்றில் வாய்ப்பை இழந்தது. நாசா 2024-ல் பட்டியலிட்ட 4 திட்டங்களில் ஸ்ட்ரைவ் ஒன்று. ஆனால், அந்த வரிசைக்குக் குறித்த ஏவுதல் ஆண்டுகளே 2030, 2032 தான்.

கோளாறு எங்கே?

வானிலைச் செயற்கைக்கோளை யாரும் இப்படி நடத்துவதில்லை. இன்சாட்-3டி, 3டிஆர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே 2024 பிப்ரவரியில் 3டிஎஸ்-ஐ இஸ்ரோ ஏவியது. பழையது ஓயும் முன்பே புதியது மேலே இருக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத விதி. ஸ்ட்ராட்டோஸ்பியர் வேதியியல் மட்டும் ‘ஆராய்ச்சி’ கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதுப் புது யோசனைகளோடு போட்டி போட்டு ஜெயிக்க வேண்டும். ஏற்கெனவே அளந்ததையே மறுபடி அளக்கிறோம் என்று சொல்பவர்களுக்கு அந்தப் போட்டியில் கவர்ச்சி குறைவு.

அண்டார்டிகா ஓசோன் 1980-ன் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது ஐ.நா. ஆதரவு மதிப்பீட்டின் கணிப்பு. இன்னும் 40 ஆண்டுகள் ஓடும் சிகிச்சைக்கு, பரிசோதனைக்கூடத்தை நடுவிலேயே மூடுவது நியாயமில்லை. மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாடுகள், இந்தியா உள்பட, இந்த அளவீட்டையும் வானிலைச் சேவை போல நிரந்தரச் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு நாட்டின் பட்ஜெட்டை மட்டும் நம்பியிருக்காமல் செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். விட்டுப்போன வருஷங்களின் காற்றை அப்புறம் யாராலும் அளக்க முடியாது.