கிடுகுக் கொட்டிலும் இல்லறக் கணக்கும்

புத்தளம் மாவட்டத்திலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீண்டு கிடக்கின்ற கற்பிட்டிக் குடாநாட்டில் தலவில என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள புனித அன்னம்மாள் திருத்தலத்தில் ஆண்டுக்கு இருமுறை திருவிழா நிகழும். மார்ச்சு மாதத்தில் ஒன்று, யூலை இறுதியை ஒட்டி ஓகஸ்டு மாதத்தில் மற்றொன்று. தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரும் பிற சமயத்தவரும் நாட்டின் நாலா திசைகளிலுமிருந்து வந்து கூடுவர். வந்தவர் எல்லாரும் அன்றைக்கே திரும்பிவிடுவதில்லை. பல குடும்பங்கள் நாட்கணக்கில் அங்கேயே தங்கிவிடும். முன்னாளிலே தங்குமிடம் என்றால் கிடுகுக் கொட்டில்தான். இந்நாளில் தறப்பாள் கூடாரங்களும் வாடகை அறைகளும் வந்துவிட்டன. ஆயினும், மணலிலே மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டுகின்ற வழக்கம் மறைந்துவிடவில்லை.

என் மனைவியின் பிறந்தகம் அப்பக்கத்தில் இருப்பதனால், திருவிழாக் காலத்தில் பலமுறை அங்கு சென்றிருக்கிறேன். ஒருமுறை நான் கண்ட ஒரு கொட்டிலின் காலைப்பொழுதை இங்கே சொல்ல விரும்புகிறேன். குடும்பத் தலைவர் இரண்டு வாளிகளுடன் தண்ணீருக்காக வரிசையில் நின்றார். மூத்த மகன் தேங்காய் உரித்தான். உரித்த மட்டையை அடுப்புக்கென ஒருபுறம் காயவிட்டான். கிழவியார் சுளகிலே அரிசி கொழித்தார். சிறுமி வெங்காயம் உரித்தாள். தாயார் உலையைக் கவனித்துக்கொண்டார். ஒரு பானை, இரண்டு சட்டி, ஓர் அகப்பை. அவற்றைக்கொண்டு சோறும் பருப்பும் சொதியும் சம்பலும் ஆயின. எட்டு மணிக்குள் வேலை முடிந்தது. அந்த அம்மையார் பாயிலே கால் நீட்டி அமர்ந்து, சூடாறாத தேநீரை மெல்லமெல்லப் பருகினார்.

அக்காட்சி என்னை நிறுத்திவிட்டது. "வீட்டிலும் இப்படித்தானோ?" என்று அத்தலைவரை விளையாட்டாகக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "இது கோயில் வளவு, ஐயா. வீடு வேறு" என்றார். அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சிரிக்கவுமில்லை.

வார இதழ்களிலும் ஞாயிறு மலர்களிலும் இல்லச் சிக்கனம் பற்றிய குறிப்புக்களுக்குக் குறைவில்லை. மீந்த இடியப்பத்தை எவ்வாறு புதிய பண்டமாக்கலாம், பழஞ்சேலையிலிருந்து எவ்வாறு கால்மிதி பின்னலாம், வெறும் போத்தலை எவ்வாறு பூச்சாடியாக்கலாம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கென்றே இவை எழுதப்படுகின்றனவாம். இவற்றுட் பல பயனுடையன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால், இவை யாவும் பணத்தை மட்டுமே எண்ணுகின்றன. அந்த வேலையைச் செய்கின்றவரின் நேரத்தை எண்ணுவதில்லை. நேரத்தை எண்ணாத சிக்கனம் சிக்கனமே அன்று என்பது எனது துணிபு.

இத்துணிபு நூலைப் படித்து வந்ததன்று. ஒரு மாணவியிடமிருந்து வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் என் பத்தாம் வகுப்பு மாணவர்க்குக் கட்டுரைத் தலைப்புக்கள் கொடுத்தேன். ஆண்பிள்ளைகளுக்கு 'விஞ்ஞானமும் மனித வாழ்வும்'. பெண்பிள்ளைகளுக்கு 'இல்லச் சிக்கனம்'. அவ்வாறு பிரித்ததிலே தவறு ஏதும் இருப்பதாக அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை. ஒரு சிறுமி ஒரு பக்கமே எழுதியிருந்தாள். கடையில் இடியப்பம் வாங்கினாற் செலவு கூடும் என்று தன் தாய் நாலு மணிக்கு எழுந்து தாமே பிழிகிறார் என்றும், பின்பு ஆறரை மணிப் பேருந்தில் வேலைக்குப் போகிறார் என்றும் எழுதி, இவ்வாறு முடித்திருந்தாள்: "காசு மீதியாகிறது. அம்மாவின் நித்திரையில் ஒரு மணித்தியாலம் குறைகிறது. இதனை வரவு என்று எழுதுவதா, செலவு என்று எழுதுவதா?" சிவப்பு மையைத் தொட்ட என் பேனா அந்த வரியின் மேல் நெடுநேரம் நின்றது. எழுத்துப்பிழை ஒன்று இருந்தது, அதைத் திருத்தினேன். கேள்விக்கு விடை எழுத என்னால் இயலவில்லை.

அன்றிரவு திருக்குறளை எடுத்துப் புரட்டினேன். பண்டிதர்க்கு வேறு புகலிடம் ஏது? வள்ளுவர் சிக்கனத்தை இரண்டிடத்திற் பேசுகிறார். வாழ்க்கைத் துணைநலம் என்னும் ஆறாம் அதிகாரத்திலே, கணவனின் வளத்துக்குத் தக்கவாறு வாழ்தல் மனைவியின் மாண்பு என்கிறார். இது நாம் எல்லாரும் அறிந்தது, மேடைதோறும் முழங்குவது. மற்றோரிடம், அரசியலில் வருகின்ற வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரம். வருவாய் சிறிதாயினும் செலவு அதனிற் பெருகாதிருந்தாற் கேடில்லை என்றும், அளவறிந்து வாழாதவன் வாழ்க்கை இருப்பதுபோலத் தோன்றி அழியும் என்றும் அங்கே அறிவுறுத்துகிறார். அந்த அறிவுரை அரசனுக்கு, ஆளுகின்றவனுக்கு. வரவு செலவை அறிதல் அவன் வலிமையை அறிதலின் ஒரு கூறு.

முப்பதாண்டுகளாக முதலாவதைப் பெண்களுக்குப் படிப்பித்து வந்தேன். இரண்டாவதை எந்த ஆண்பிள்ளைக்கும் அவன் வீட்டோடு பொருத்திச் சொன்னேனல்லேன். குற்றம் வள்ளுவருடையதன்று, என்னுடையது. வீட்டை ஆள்பவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளுகின்றவன், அவ்வீட்டின் வலிமை எங்கே செலவாகிறது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டுமல்லவா?

இது வெறும் ஏட்டு விவாதமன்று. 2022ஆம் ஆண்டிலே இந்நாட்டவர் அனைவரும் இதற்கு விடையளிக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஏப்பிரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. சமையல் எரிவாயுவுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். மண்ணெண்ணெய் இன்றிக் கரையோர மீனவரின் படகுகள் மணலிற் கிடந்தன. மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. நாட்டின் பெரிய அனல்மின் நிலையம் நிற்கின்ற நுரைச்சோலை தலவிலவுக்கு அயலூர் என்பதை எண்ணும்போது இதன் கசப்பு விளங்கும். செப்டெம்பரில் உணவுப்பொருள் விலை, கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி, முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 95 சதவீதம் கூடியிருந்தது.

நகரத்து வீடுகளும் மூன்று கல் அடுப்புக்குத் திரும்பின. அப்பொழுது நம் முன்னோரின் சிக்கனத்தைப் போற்றாதவர் இல்லை. ஆனால் விறகைத் தேடியவர் யார், புகையிலே கண் கலங்கியவர் யார், கரி பிடித்த பானையை மணலிட்டுத் தேய்த்தவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. அவ்வாண்டு யூனில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்க அமைச்சரவை தீர்மானித்தது. தோட்டத்துக்கு விடுமுறை அளிக்கப்பட்டது, அடுப்புக்கு அளிக்கப்படவில்லை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும், ஊதியமில்லாத வீட்டு வேலையின் பெருஞ்சுமை பெண்கள்மீதே இருப்பதைக் காட்டிற்று.

ஆதலால், எந்தச் சிக்கனக் குறிப்பையும் இரண்டு தராசில் நிறுக்க வேண்டும் என்கிறேன். ஒன்று பணத்துக்கு, மற்றொன்று நேரத்துக்கு. இரண்டிலும் மிச்சம் காட்டுவதே சிறந்த சிக்கனம். பணத்தில் மிச்சமும் நேரத்தில் நட்டமும் காட்டுமானால், அந்நட்டத்தை வீட்டிலுள்ளார் பகிர்ந்துகொள்ள வேண்டும். பகிர இயலாவிடில் அதனைக் கைவிடுதலே நன்று. குடாநாட்டிலிருந்தே சில உதாரணங்கள் தருகிறேன்.

முதலாவது தேங்காய். புத்தளம் தெங்கு முக்கோணத்தைச் சேர்ந்த மாவட்டம். ஆயினும் 2025இன் தொடக்கத்தில் ஒரு தேங்காயின் விலை இருநூறு ரூபாயையும் கடந்தது. சொதி வைக்கும்போது முதற்பாலை வேறாக எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் மூன்றாம் பாலில் வெங்காயமும் பச்சைமிளகாயும் மஞ்சளும் இட்டு வேகவைத்தல் வேண்டும். முதற்பாலை இறுதியில் ஊற்றி, ஒரு கொதி வருமுன் இறக்கிவிடல் வேண்டும். நெடுநேரம் கொதித்தாற் பால் திரிந்துபோம். இம்முறையாற் குறைந்த பாலிலும் சுவை குன்றாது. இதில் நேரத்தைத் தின்பது துருவலும் பிழிதலுமே. தேங்காய் துருவுதற்கு வேண்டியது தோள்வலி. அவ்வலி ஆண்பிள்ளைகளுக்கு இல்லையென்று எவரும் சொல்லார்.

இரண்டாவது தும்புப் பெட்டி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்திலே எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காக வைக்கோற்பெட்டிச் சமையலை ஊக்குவித்தார்கள். நமக்கு வைக்கோலினும் தும்பு எளிது. ஒரு மரப்பெட்டியின் அடியிலும் பக்கங்களிலும் தும்பை நெருக்கி அடைத்து, நடுவிலே பானை அமரும் அளவுக்கு இடம் விடுக. இரவு ஊறவைத்த பாசிப்பயற்றைக் காலையிற் பத்து நிமிடம் நன்கு கொதிக்கவைத்து, மூடியோடு பெட்டியில் இறக்கி, மேலே தும்பு நிறைத்த சாக்கினால் அழுத்தி மூடுக. சூடு வெளியேற வழியின்மையாற் பயறு தானே வெந்துவிடும். உண்ணுமுன் மீண்டும் ஒருமுறை கொதிக்கவைத்தல் நன்று. இதிலே விறகும் மிச்சம். அருகில் நின்று கிண்டும் வேலையும் மிச்சம். இரண்டு தராசும் ஒப்புக்கொள்ளுகின்ற சிக்கனம் இது. பெட்டியைச் செய்வது பதினான்கு வயதுச் சிறுவனுக்கு ஒரு விடுமுறைநாள் வேலை.

மூன்றாவது கருவாடு. மீன் மலிந்த காலத்தில் உப்பிட்டு வெயிலில் உலர்த்தினால், உப்பும் வெயிலும் ஈரத்தை வாங்கிவிடுகின்றன. ஈரமில்லாவிடத்து அழுகல் வளராது. மின்சாரம் நின்றாலும் அது கெடாது. ஓர் இரவு உலைந்து வீடு திரும்பியவர்க்குக் கத்தரிக்காயோடு கால் மணியில் ஒரு கறி. உலர்த்துகின்றவர் கரையிலே தொழிலாகச் செய்கின்றார். நாம் விலை கொடுத்து வாங்குகின்றோம். எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துதான் ஆகவேண்டும் என்பதில்லை.

நான்காவது கிடுகும் பெட்டியும். தென்னோலையை நடுவே கிழித்து, நீரில் ஊறவிட்டுப் பதம் வந்தபின் கிடுகு பின்னுவர். பனையோலையிற் கடகமும், பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டியும் இழைப்பர். பழகிய கை விரைவாகச் செய்வதைப் பழகாத கை நாள் முழுதும் செய்து பாழாக்கும். விருப்பமுள்ளவர் பொழுதுபோக்காகக் கற்கட்டும்; அதனைச் சிக்கனம் என்று சொல்லிப் பிறர்மேற் சுமத்தவேண்டாம். பின்னுகின்ற பெண்களிடம் வாங்குவதே முறை. வாங்கும்போது பத்து ரூபாய்க்காகப் பேரம் பேசி வெல்வதைச் சிலர் சிக்கனம் என்று எண்ணுகின்றார்கள். பிறர் கூலியைக் குறைத்துச் சேர்க்கும் காசுக்கு வள்ளுவர் இட்ட பெயர் இவறன்மை என்றே கொள்ளுவேன். அவர் அதனைக் குற்றங்கடிதலிலே வைத்தார்.

"இப்படியே போனால் நம் தாய்மாரின் கைப்பக்குவம் அழிந்துவிடாதா?" என்று நண்பர் ஒருவர் வருந்தினார். அவர் தமிழ்ப்பற்று மிக்கவர், வருத்தம் உண்மையானது. நான் அவரிடம் கேட்டது ஒன்றே: "அப்பக்குவத்தை நீர் கற்றிருக்கிறீரா?" இல்லை என்றார். அழியாதிருக்க வேண்டுமென்று நாம் விரும்பும் ஒன்றை ஒருவர் கையில் மட்டுமே விட்டுவைத்தல் அதனைக் காக்கும் வழியாகுமா? ஒரு பாட்டை ஒருவரே அறிந்திருந்தால் அவரோடு அது போய்விடும் என்பதை ஏடு காத்த மரபினராகிய நாம் அறிவோம். நாலுபேர் பாடம் பண்ணியதே பிழைத்தது. சொதிக்கும் அதுவே நியாயம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிறர்க்கு மட்டும் உபதேசித்தேன் என்னும் பழி வேண்டாம். அந்தக் கட்டுரையைப் படித்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் தேங்காய் துருவுவது என் வேலை. முதல் நாளிலேயே பெருவிரலைக் கிழித்துக்கொண்டேன். துருவல் பூவாக இல்லை, கல்லாக இருக்கிறது என்று மனைவி குறை சொன்னாள். இப்பொழுது குறை சொல்வதில்லை. காலையிற் பத்து நிமிடம் அவளுக்கு மீதியாகிறது. அதில் அவள் என்ன செய்கிறாள் என்று நான் கேட்பதில்லை.

வகுப்பிலும் தலைப்புக்களைப் பிரிப்பதை விட்டுவிட்டேன். 'இல்லச் சிக்கனம்' எல்லார்க்கும் பொது. ஆண்பிள்ளைகளின் கட்டுரைகள் இன்னும் அரைப்பக்கத்தைத் தாண்டவில்லை. சென்ற தவணையில் ஒருவன் மட்டும் எழுந்து, "ஐயா, நீற்றுப்பெட்டியை எப்படிக் கழுவுவது?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. வீட்டில் கேட்டுவந்து மறுநாள் சொன்னேன்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. வலியறிதல் அதிகாரத்தைப் படிப்பிக்கும் நாளில், பிள்ளைகள் தம் வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுகின்றார், யார் எத்தனை மணிக்கு உறங்குகின்றார் என்று எழுதிவரச் சொல்லுங்கள். வேறு உரை வேண்டியதில்லை. தலவிலவின் மணலில் எட்டு மணிக்கு ஒரு தாய் கால் நீட்டி அமர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். ஒரு வாரம் கொட்டிலில் இயன்றது ஓட்டு வீட்டில் இயலாது என்பதற்கு அக்குடும்பத் தலைவர் காரணம் சொல்லவில்லை. "வீடு வேறு" என்றுமட்டும் சொன்னார். அந்த விடையை நம் மாணவர் நாளை சொல்லாதிருப்பார்களாக.