உருப்போட்ட கட்டுரை உதவுமா?

பரீட்சைக் காலம் வந்துவிட்டது என்றால் கடைகளில் 'கைடு'கள் குவிந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சையில் பத்திரிகைக் கட்டுரை ஒன்று எழுதச் சொல்வது உண்டு. அதற்காக, யாரோ எழுதி வைத்த கட்டுரைகளைப் பிள்ளைகள் இரவெல்லாம் உருப்போடுகிறார்கள். கேள்வி சற்று மாறி வந்தால் கையைப் பிசைகிறார்கள்.

சி.பி.எஸ்.இ. வாரியம் 2023-24ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் இந்தக் கேள்விக்கு 5 மார்க்கு ஒதுக்கியது. 120 முதல் 150 சொற்களுக்குள் எழுத வேண்டும். அமைப்புக்கு 1 மார்க்கு. கருத்துகளை ஒழுங்காக அடுக்குவதற்கு 1. எழுத்துப் பிழையும் இலக்கணப் பிழையும் இல்லாமல் எழுதினால் 1. விஷயத்துக்கு 2.

"நமக்கு இங்கிலீஷ் வராதே" என்று அஞ்சுகிற பிள்ளைகள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். பிழைக்குப் போவது ஒரு மார்க்கு. சொல்ல விஷயம் இல்லாவிட்டால் போவது இரண்டு!

விஷயம் எங்கே?

விஷயம் நம் தெருவிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. உங்கள் ஊர்ப் பூக்காரம்மா இன்று எதில் பூ கட்டித் தருகிறார்? டீக்கடையில் பார்சல் எதில் வருகிறது? பிளாஸ்டிக் பையை விட்டால் வியாபாரிக்கு என்ன செலவு கூடுகிறது? கேட்டுப் பாருங்கள். சுற்றுப்புறச் சூழல் பற்றிக் கேள்வி வந்தால் இந்த மூன்று பதில்களும் கைகொடுக்கும். எந்தக் 'கைடி'லும் இவை கிடைக்காது.

தினமும் ஒரு செய்தியைப் படித்து, அதில் இரண்டு விவரங்களை நோட்டில் குறித்து வையுங்கள். வாரம் ஒரு கட்டுரையைக் கடிகாரத்தைப் பார்த்து எழுதிப் பழகுங்கள். முதல் பத்தியில் நடப்பது என்ன, அடுத்ததில் காரணம் என்ன, கடைசியில் செய்ய வேண்டியது என்ன. இவ்வளவுதான். தலைப்பை மறக்க வேண்டாம். எழுதுபவர் பெயரைக் கேள்வியில் கொடுத்திருந்தால் அந்தப் பெயரையே எழுதுங்கள். கேள்வித்தாளைப் படிக்கவென்று தரும் 15 நிமிடத்தில் கேள்வியை இரண்டு முறை படியுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. கரும்பலகையில் கட்டுரையை எழுதிப் போட்டு, நாற்பது பேரையும் ஒன்றே போல எழுத வைப்பது சுலபம். பிள்ளை தானாக எழுதிய பத்து வரியைத் திருத்துவது சிரமம். அந்தச் சிரமத்தைத்தான் பெற்றோர் உங்களிடம் எதிர்பார்க்கிறார்கள்.

பரீட்சை மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். நாளைக்குக் குடிதண்ணீர் வரவில்லை, சாலை சரியில்லை என்று அதிகாரிக்கு மனு எழுத வேண்டி வரும். தெருவைக் கண்ணால் பார்த்து எழுதப் பழகிய பிள்ளைக்கு அப்போது பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிராது.