மூணாவதும் போகணுமா?

அக்காவுக்கு லூபஸ். ரெண்டு தடவை கரு கலைஞ்சிடுச்சு. சொந்தக்காரங்க பப்பாளி, மாடிப்படி, ராசின்னு காரணம் அடுக்கினாங்க. அவங்களை விடுங்க. "மூணாவதும் போனா டெஸ்ட் பண்ணலாம்மா"ன்னு டாக்டரம்மாவே சொன்னதுதான் தாங்கலை.

நான் பொட்டி தட்டுறவன். ப்ரோகிராம் ஒரே இடத்துல ரெண்டு தடவை படுத்தா லாகைத் திறந்து பார்ப்போம். மூணாவது தடவையும் படுக்கட்டும்னு சொன்னா மேனேஜர் கிழிச்சிடுவார். பொம்பளை உடம்புன்னா மட்டும் காத்திருக்கலாமாம்!

இது ஒண்ணும் புது விஷயம் இல்லீங்க. லூபஸ் உள்ள சிலருக்கு ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் ஆன்ட்டிபாடி இருக்கும். அது கருவை வளரவிடாது. இந்த நோயை லண்டனில் கிரஹாம் ஹியூஸ் 1983லேயே விவரிச்சுட்டார். கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை போதும். பாசிட்டிவ்னா 12 வாரம் கழிச்சு மறுபடி பார்த்து உறுதி செய்யணும். மருந்து? குறைந்த அளவு ஆஸ்பிரின், கூடவே ஹெபாரின் ஊசி. இந்த ஆன்ட்டிபாடியால் திரும்பத் திரும்பக் கரு கலைந்த 90 பெண்களிடம் நடந்த ஆய்வு 1997ல் வெளியானது. ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்குக் குழந்தை உயிரோடு பிறந்தது. ஹெபாரினும் சேர்த்தபோது 71.

கருச்சிதைவு எல்லாத்துக்கும் இதுதான் காரணம்னு சொல்ல வரலை. ஆனா லூபஸ்னு ஃபைல்லயே எழுதியிருக்கிற பொண்ணுக்கு இந்த டெஸ்ட்டைக் கர்ப்பத்துக்கு முன்னாடியே எடுத்திருக்கணும். மூணுன்னு எண்ணுறவங்களுக்கு அது வெறும் நம்பர். அக்காவுக்கு அது குழந்தை. ரெண்டுக்குமே பேர் வச்சிருந்தா.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஆஸ்பிரினை நீங்களா வாங்கிப் போடாதீங்க. டெஸ்ட்டை மட்டும் வாய்விட்டுக் கேளுங்க.