தையற்கடைப் படம் ஒன்பது கோடி!

லண்டன் நகரில் 2017-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஓர் ஏலம் நடந்தது. "சாத்பீஸ்" என்ற பெரிய ஏலக் கம்பெனி அதை நடத்தியது. ஏலத்துக்கு வந்த பொருள்களில் ஒன்று, நம் நாட்டு ஓவியர் வரைந்த படம்.

அது அரசர் படமா? இல்லை. அழகியின் படமா? அதுவும் இல்லை. ஒரு சாதாரணத் தையற்கடையின் படம்! அதன் பெயர் "டீலக்ஸ் டெய்லர்ஸ்."

ஏலம் ஏறிக்கொண்டே போயிற்று. முடிவில் 11 லட்சம் பவுனுக்கு மேல் போனது. அன்றைய கணக்குப்படி நம் பணத்தில் 9 கோடி ரூபாய்க்கும் அதிகம்.

நெல்லையப்பர் கோவிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் நடந்து பாருங்கள். கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டபடி தையற்காரர்கள் வேலை செய்வார்கள். அவர்களை யாரும் நின்று பார்ப்பது இல்லை. தீபாவளிக்கு முன்னால் "சட்டை தயாரா?" என்று கேட்பதோடு சரி. அந்தத் தொழிலாளியை நின்று பார்த்தவர்தான் இந்தப் படத்தை வரைந்தவர்.

யார் அவர்?

அவர் பெயர் பூபேன் கக்கர். 1934-ல் பம்பாயில் பிறந்தார். படித்தது கணக்கு, பார்த்தது ஆடிட்டர் வேலை. 1960-களின் தொடக்கத்தில் பரோடாவுக்குப் போனார். ஓவியம் வரைய முறையாகப் பயின்றவர் அல்ல. கம்பெனிக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டே, கிடைத்த நேரத்தில் படம் வரைந்தார்.

கக்கர் நகைச்சுவைப் பிரியர். 1972-ல் தம் படக் கண்காட்சிக்காக ஒரு சிறு புத்தகம் அச்சிட்டார். அதில் துப்பறியும் வீரர் ஜேம்ஸ்பாண்டு போலவும் இன்னும் பல விதமாகவும் வேடம் போட்டுத் தம்மையே கேலி செய்துகொண்டார்!

ஆனால் ஏழையை அவர் கேலி செய்யவில்லை. முடி திருத்துகிறவர், கடிகாரம் பழுது பார்க்கிறவர், தையற்காரர் ஆகியோரை வரைந்தார். பார்த்தால் புன்னகை வரும். கூடவே மதிப்பும் வரும். காருகுறிச்சியில் பானை வனைகிறவரையும், பத்தமடையில் பாய் நெய்கிறவரையும் இப்படி வரைந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

சாமி படமும் உதவியது

தொடக்க காலத்தில் கக்கர், கடைகளில் விற்ற சாமி படங்களை வெட்டி ஒட்டிச் சித்திரம் செய்தார். படித்தவர்கள் சிலர் "காலண்டர் படம்தானே" என்று ஒதுக்கியதை அவர் ஒதுக்கவில்லை.

காலண்டர் படம் என்றால் திருநெல்வேலிச் சீமைக்குக் கோவில்பட்டி நினைவுக்கு வரும். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர், 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. நாடகங்களுக்குத் திரை எழுதிய கொண்டையராஜு, அங்கே தங்கிச் சாமி படங்களை வரைந்தார். சீடர்களையும் உருவாக்கினார். 1976-ல் அவர் மறைந்தார். அவர்கள் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தார்கள். பூஜை அறையில் அந்தப் படத்தைக் கும்பிட்டவர்கள் ஏராளம். வரைந்தவர் யார் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

பணம் யாருக்கு?

"டீலக்ஸ் டெய்லர்ஸ்" வரையப்பட்டது 1972-ல். ஏலம் நடந்தது 45 ஆண்டுகள் கழித்து. கக்கர் 2003-லேயே இறந்துவிட்டார். படத்தை வைத்திருந்தவர் அவருடைய நண்பர், ஆங்கில ஓவியர் ஹோவர்ட் ஹாட்ஜ்கின். அவரும் ஏலத்துக்கு ஏழு மாதம் முன்பே காலமானார். வரைந்தவரும் இல்லை, ஆசையாக வைத்திருந்தவரும் இல்லை. விலை மட்டும் வானத்தில்!

கோவில் தோப்பைக் குத்தகைக்கு விடும்போது "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று கூறுவார்கள். தோப்பு அடுத்த ஆண்டும் காய்க்கும். ஓவியர் அப்படி அல்ல. கை ஓடும்போது கூலி வந்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

இதற்காக நம் நாட்டில் ஒரு சட்டம் உண்டு. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 53-ஏ என்ற பிரிவு 1994-ல் சேர்க்கப்பட்டது. ஓவியர் தாமாக வரைந்து விற்ற அசல் படம், பிறகு 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கைமாறினால், அந்த விலையில் அவருக்குப் பங்கு உண்டு. அவர் காலமான பின் வாரிசுக்கு உண்டு. பங்கு 100-க்கு 10-க்கு மேல் போகாது. படம் வரையும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது தெரிந்திருக்க வேண்டும். விற்ற படத்துக்கு ரசீது எழுதி வைப்பதும் நல்லது.

சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். பொதுமக்கள் செய்யக்கூடியதும் உண்டு. பிளெக்ஸ் போர்டு வந்த பிறகு, தூரிகை பிடித்த கைகள் பல வேலை இழந்தன. கடை திறப்பவர் பெயர்ப்பலகை எழுத ஓர் ஓவியரைக் கூப்பிடலாம். பள்ளிச் சுவரில் படம் வரையச் சொல்லலாம். வீட்டுக்கு ஒரு படம் வாங்கலாம். பேரம் பேசுமுன், அதற்கு எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்கலாம்.

ஒன்பது கோடி எல்லாரிடமும் இல்லை. ஆனால் உள்ளூர் ஓவியருக்கு நியாயமான கூலி கொடுக்கப் பலரால் முடியும். அதை அவர் கண்ணால் பார்க்கும்படி, கையால் வாங்கும்படி கொடுக்க வேண்டும்.