இருதலையும் இல்லை, பாம்பும் அன்று

விலங்கியல் துறை நண்பர் ஒருவர் 'ஆம்ஃபிஸ்பீனா' என்னும் சொல்லுக்குத் தமிழ் வேண்டி நம்மை அணுகினார். 'இருதலைப் பாம்பு' என உடனே விடையிறுத்தோம். அவர் நகைத்தார். அவ்வுயிர்க்குத் தலை ஒன்றே. அது பாம்பும் அன்று என்றார். நாம் நாணியது உண்மை.

கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு 'இருபுறமும் செல்வது' என்பது பொருள். இருமுனையிலும் தலையுடையதாகக் கருதிய கற்பனைப் பாம்பொன்றைப் பண்டையோர் அப்பெயரால் குறித்தனர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1758ஆம் ஆண்டில் அதனை மண்ணுள் வாழும் அமெரிக்க உயிரினங்களுக்குச் சூட்டி, அவற்றைப் பாம்புகளோடு வரிசைப்படுத்தினார். காலின்மை அவரை மயக்கியது போலும்.

உடற்கூறோ இதற்கு உடன்படவில்லை. பாம்புகளில் சிறுத்திருப்பது இடப்பக்க நுரையீரல். இவற்றில் வலப்பக்க நுரையீரல். மெக்சிகோவில் வாழும் 'பைப்பெசு' பேரினத்துக்கு முன்னங்கால்கள் இரண்டு உண்டு. 2004ஆம் ஆண்டு முதல் வெளிவந்த மரபணு ஆய்வுகள் இவற்றை ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களில் வாழும் 'லாசெர்டா' குடும்பப் பல்லிகளுக்கு நெருங்கிய உறவாகக் காட்டின. கியூபாத் தீவில் வாழ்வனவற்றுள் சிலவற்றுக்கோ, அமெரிக்க அண்டை இனங்களைவிட மத்தியதரைக் கடற்பகுதி இனங்களே நெருங்கியவை! தோற்றத்தைக் கண்டு உறவுரைப்பது எத்துணைப் பிழை!

இலக்கணம் கற்றோர் இங்குச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். 'இருதலைப் பாம்பு' என்பது இருதலையை உடைய பாம்பு என விரியும். அதில் முன்மொழியும் பொய், பின்மொழியும் பொய். 'புழுப்பல்லி'யோ உவமைத்தொகை, புழுப் போலும் பல்லி. தோற்றத்தை முன்னே உவமையாக நிறுத்தி, இனத்தைப் பின்னே உறுதி செய்கிறது. ஆதலின் இதுவே தக்க பெயர் என்பது நம் கருத்து.

மக்கள் வழக்கைப் புலவர் திருத்தலாமா எனப் பெரியோர் வினவக்கூடும். புழுப்பல்லிகள் இந்தியாவில் இல்லை. நம் ஊர்களில் 'இருதலை மணியன்' எனப்படுவது மண்ணுளிப் பாம்பு, மெய்யாகவே பாம்பு. அதன் மழுங்கிய வாலில் கண்ணும் வாயும் போல் தோன்றத் தழும்பிட்டுக் காட்டிய பாம்பாட்டிகள் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருந்தும், செல்வம் தரும் என்னும் மூடநம்பிக்கையால் அப்பாம்பைப் பிடித்துக் கடத்துகின்றனர். அவ்வணிகத்துக்கு அப்பெயரும் ஒரு முதலாயிற்று. 'மண்ணுளி' என்பதும் மக்கள் தந்த பெயர்தானே! மண்ணுள் வாழும் அதன் இயல்பைச் சொல்லும் அப்பெயரிருக்க, இல்லாத தலையைச் சொல்லும் பெயர் எதற்கு?

கலைச்சொல் தொகுப்போர் 'இருதலை' என்னும் அடையை இவ்விரு உயிர்களுக்கும் விலக்க வேண்டுகிறோம். நண்பருக்கும் 'புழுப்பல்லி' என்றே எழுதிக் கொடுத்துள்ளோம்.