ஆனைக்கொய்யாவுக்கு ஓர் ஊர்ப்பெயர்

மாம்பழத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவரிடம் பெயருக்குப் பஞ்சமில்லை. கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, விலாட், செம்பாட்டான் என்று சிறுபிள்ளையும் அடுக்கும். வாழையிலே கதலி வேறு, கப்பல் வேறு, இதரை வேறு என்பதை அறியாதவர் நம்மிடையே இல்லை. ஆனைக்கொய்யா ஒன்றுதான் பெயரற்ற பழமாய் இருக்கின்றது. வெள்ளவத்தையிலே அதை வாங்குவோர், "இது பழுத்ததோ?" என்று கேட்கின்றனரேயன்றி, "இது எந்த இனம்?" என்று கேட்பதில்லை. கேட்டாலும் வியாபாரியிடம் விடை இராது. ஒரே கூடையிற் கிடக்கும் பத்துப் பழங்களுள் ஒன்று வெண்ணெயாகவும், ஒன்று நீராகவும், ஒன்று நாராகவும் இருப்பானேன்? அவை வெவ்வேறு மரத்துப் பழங்கள். விதையிலிருந்து முளைத்த ஒவ்வொரு மரமும் தனித்தனி இனம் எனலாம்.

உள்ள பொதுப்பெயரும் ஒரு வேடிக்கையால் வந்தது போலும். ஆங்கிலேயர் 'அலிகேட்டர் பெயார்' என்றனர். சிங்கள மக்கள் அதனைத் தம் நாவுக்கேற்ப 'அலிகெட்டபேர' ஆக்கினர். சிங்களத்தில் 'அலி' யானை, 'பேர' கொய்யா. நாம் அதையும் மொழிபெயர்த்து ஆனைக்கொய்யா என்றோம். முதலை யானையாயிற்று! உண்மையில் இம்மரம் கொய்யாவுக்கும் உறவில்லை, பேரிக்கும் உறவில்லை. நமது கறுவாவின் குடும்பத்தைச் சேர்ந்தது.

நிற்க. விதைக்கு விதை இத்துணை வேற்றுமை ஏன் என்பதை அறிந்தால்தான் நான் சொல்ல வந்தது விளங்கும். ஆனைக்கொய்யாப் பூ இருமுறை விரியும்; முதல்முறை பெண்ணாக, மறுநாள் ஆணாக. ஒருவகை மரத்திலே பூ காலையிற் பெண்ணாய் விரிந்து, மூடி, மறுநாட் பிற்பகலில் ஆணாய் விரியும். மற்றவகையிலே பிற்பகலிற் பெண்; மறுநாட் காலையில் ஆண். இரு வகையும் அருகருகே நின்றால் ஒன்றின் மகரந்தத்தை மற்றதற்குத் தேனீ கொண்டுபோய்ச் சேர்க்கும். எனவே ஒரு வளவின் மரம் காய்ப்பதற்கு அடுத்த வளவின் மரமும் துணை செய்கின்றது. அவ்வாறு பிறந்த விதை தாயையும் ஒக்காது, தந்தையையும் ஒக்காது. நூற்றுக்குத் தொண்ணூறு சாதாரணமாகவே போய்விடும். எப்போதாவது ஒன்று இரு பெற்றோரையும் வென்று நிற்கும்.

ஹெவ்லொக் டவுன் அப்படிப்பட்ட சூதாட்டம் நெடுங்காலம் நடந்த இடம். 1890 முதல் 1895 வரை இலங்கையை ஆண்ட தேசாதிபதி ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயர் தாங்கிய இப்பகுதியில், வீட்டைச் சூழ விசாலமான வளவு விட்டுக் கட்டுவதே முன்னாளைய வழக்கம். பின்வளவிலே பலா, மா, ஈரப்பலா, அவற்றோடு ஓர் ஆனைக்கொய்யாவும் நிற்கும். பெரும்பாலானவை எவரும் திட்டமிட்டு நட்டவையல்ல. தின்றபின் எறிந்த கொட்டையிலிருந்து எழுந்தவை. இன்று அவ்வளவுகள் ஒவ்வொன்றாய்த் தொடர்மாடிகளாகின்றன. வெள்ளவத்தை நூற்பாலை நின்ற நிலத்திலேயே வானளாவும் மாடங்கள் எழுந்துவிட்டன. ஒரு வளவு எம்மட்டு? பலாமரத்தை வெட்டுவதானால் அனுமதி பெற வேண்டுமென்று 1951-ம் ஆண்டிலேயே சட்டம் செய்தார்கள். ஆனைக்கொய்யாவைக் கேட்பாரில்லை.

வீடு கட்டுவது குற்றமென்று நான் வாதிக்கவில்லை. மக்கள் பெருகினால் மாடி எழத்தான் செய்யும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெல்லையும் பயற்றையும் உலர்த்திக் குளிரறையில் வைத்துப் பல்லாண்டு காக்கலாம். ஆனைக்கொய்யாக் கொட்டை உலர்ந்தால் இறந்துவிடும். அதன் இனத்தைக் காக்கும் களஞ்சியம் உயிருள்ள மரமே. மரம் சாய்ந்தால் அந்த இனமும் அன்றே முடிந்தது.

"அதனாலென்ன? உலகம் போற்றும் ஹாஸ் இனத்தை வரவழைத்து நட்டால் ஆயிற்று" என்பார் உளர். ஹாஸ் சிறந்த பழம்தான். தடித்த தோலுடன் கப்பலேறிக் கடல் கடந்தும் கெடாமற் போவதால் உலகச் சந்தையை அது ஆள்கின்றது. எனினும் அது குவாத்தமாலா, மெக்சிக்கோ மலைநாட்டு வர்க்கங்களின் வழிவந்தது. குளிர்ந்த இடத்தில் திரண்டு காய்க்கும். வெப்பமும் ஈரமும் மிகுந்த தாழ்நிலத்தில் சிறுத்துப்போகும். நமது மலைநாட்டுக்கு அது பொருந்தலாம். கொழும்பின் புழுக்கத்துக்கு வெஸ்ட் இண்டியன் வர்க்கமும், அதனோடு கலந்து பிறந்தவையுமே தகும். அந்தப் பழத்திலே எண்ணெய் குறைவு, நீர் அதிகம், தோல் மெல்லியது. கலிபோர்னியாக்காரன் அதைக் குறையென்பான். அவன் பழத்தை உப்பிட்டு உண்பவன். நாமோ மசித்துச் சீனியோ ரின்பாலோ கித்துள் பாணியோ சேர்த்து உண்பவர்கள். நமது பழத்துக்கு அளவுகோல் நமது கரண்டியாகவன்றோ இருக்க வேண்டும்?

இந்த ஹாஸ் எங்கே பிறந்தது என்பதையும் சிந்திக்க வேண்டும். அது எந்த ஆராய்ச்சிசாலையிலும் பிறக்கவில்லை. கலிபோர்னியாவில் ருடோல்ப் ஹாஸ் என்ற தபாற்காரர் 1926-ம் ஆண்டளவில் விதை வாங்கி நட்டார். புவேர்ட்டே என்னும் இனத்தை ஒட்டுவதற்கே அக்கன்றை வளர்த்தார். ஒட்டு மீண்டும் மீண்டும் தவறவே, வெட்டிவிடவும் எண்ணினார். விட்டுவைத்த கன்று காய்த்தபோது வீட்டுப் பிள்ளைகள் அப்பழத்தையே விரும்பினார்களாம். 1935-ல் அவர் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இன்று உலகிலுள்ள ஹாஸ் மரமெல்லாம் அந்த ஒரே மரத்தின் கிளைகளே. தாய்மரம் 2002-ல் வேரழுகி இறந்தது. அந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிர் முதன்முதல் விவரிக்கப்பட்டது 1922-ல், சுமாத்திராவின் கறுவா மரத்திலிருந்து! உறவு நோயிலும் தொடர்கின்றது. ஒரே மரத்தின் கிளையால் நாட்டை நிரப்புவோர், 1869-ல் இத்தீவிற் கோப்பிக்கு வந்த துருநோயையும், அது தோட்டந்தோட்டமாக அழித்துச் சென்றதையும் ஒருகால் நினைத்துப் பார்ப்பது நன்று.

விஞ்ஞானிகள் கலப்புச் செய்து புதிய இனம் தரட்டுமே என்றால், அது எளிதன்று. ஒரு மரம் இலட்சக்கணக்கிற் பூக்கும். ஆயிரத்தில் ஒன்று காயாவதே அரிது. அதனால் கையால் மகரந்தம் தூவிக் கலப்பது பெரும்பாலும் வீணுழைப்பு. விதைக்கன்று காய்க்கவே பல ஆண்டு செல்லும். கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட லூனா என்ற இனத்துக்குப் பின்னே அரை நூற்றாண்டு உழைப்பு இருக்கின்றது. நமக்கு அத்தனை பொறுமையும் பணமும் எங்கே? ஆனால் கலக்கும் வேலையைத் தேனீக்கள் நமது வளவுகளிலே செலவின்றிச் செய்து வைத்திருக்கின்றன. எஞ்சியது தேர்ந்தெடுப்பதே. பழனிமலைச் சாரலிலுள்ள தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தார் அவ்வாறு தேர்ந்த மரத்துக்குத் தம் ஊர்ப்பெயரையே சூட்டி வெளியிட்டனர். இந்தியாவுக்கு இப்பழம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்தும் சென்றது என்பதை எண்ணும்போது எனக்குச் சிறிது பொறாமை தோன்றாமலில்லை. நமது விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசுகளில் பொல்லொக், புவேர்ட்டே, ஹாஸ் என்ற அந்நியப் பெயர்களைக் காண்கிறேன். ஹெவ்லொக் டவுனின் பெயரோ வெள்ளவத்தையின் பெயரோ தாங்கிய ஒரு பழம் அங்கே இடம்பெறலாகாதா?

ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நான் கேட்பது அதிகமன்று. பாடசாலையைச் சுற்றி நிற்கும் மரங்களைக் கணக்கெடுங்கள். எந்த மாதம் பூத்தது, காலையிலா பிற்பகலிலா பெண்பூ விரிந்தது, எத்தனை காய்த்தது, சதை எப்படி, கொட்டை சதையோடு ஒட்டியதா, மழைநீர் தேங்கிய ஆண்டில் மரம் வாடியதா என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்று பருவம் தொடர்ந்து நற்பழம் தந்த மரத்தை மாத்திரம் தேர்வில் வையுங்கள்; ஒரு பருவத்தை நம்ப வேண்டாம். வெட்டப்படவிருக்கும் மரமாயின், உரிமையாளரிடம் கேட்டு, நுனிமொட்டு விம்மிய முற்றிய குச்சிகள் சிலவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கட்டிடக்காரரும் அதை மறுக்கமாட்டார். பென்சிற் பருமனான எந்த ஆனைக்கொய்யா நாற்றிலும் அதனை ஒட்டலாம். பழப்பயிருக்கென்றே ஹொரணையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் உண்டு. இத்தகைய குச்சிகளைக் குறிப்போடு ஏற்றுக்கொள்ள ஒரு வழியை அது அமைக்க வேண்டும். ஈரத்துணியிற் சுற்றிய குச்சி சில நாள் தாங்கும். கொழும்பிலிருந்து ஹொரணைக்குப் பஸ்ஸிற் கொண்டுபோக அவ்வளவு நேரம் போதும்.