ஜாமீன் குற்றம் வேறு, நாடுகடத்தல் வழக்கு வேறு

பெறுநர்: உள்துறை அமைச்சர், பிரிட்டன் உள்துறை அமைச்சகம், லண்டன்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

2024 ஜூனில் விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சே பெல்மார்ஷ் சிறையிலிருந்து வெளிவந்து, சைபன் தீவிலுள்ள அமெரிக்க நீதிமன்றத்தில் ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு, சொந்த நாடான ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிவிட்டார். வழக்கு முடிந்தது, அது அம்பலமாக்கிய சட்ட ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. இன்னொரு பத்திரிகையாளர் அவற்றில் சிக்குவதற்குள் அடைத்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அசாஞ்சே செய்த தவறை நாங்கள் மறைக்கவில்லை. பாலியல் புகார் விசாரணைக்காக அவரை ஸ்வீடனிடம் ஒப்படைக்கலாம் என்று உங்கள் உச்ச நீதிமன்றம் 2012 மே 30 அன்று தீர்ப்பளித்தது. ஜாமீனில் இருந்தவர் ஜூன் 19 அன்று ஈக்வடார் தூதரகத்துக்குள் போய்த் தஞ்சம் கேட்டார். அவரை நம்பிப் பொறுப்பேற்ற ஜாமீன்தாரர்கள் ஒன்பது பேர் 93,500 பவுண்டு கட்ட வேண்டியதாயிற்று. ஸ்வீடனில் புகார் கொடுத்த பெண்களின் வழக்கு கடைசிவரை நீதிமன்றப் படியேறவில்லை. அந்த இழப்பும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

தூதரகத்தில் தஞ்சம் தருவதை 1954 கராகஸ் உடன்படிக்கை லத்தீன் அமெரிக்க நாடுகளுக்குள் ஏற்கிறது. பிரிட்டன் அதில் சேரவில்லை. ஆகவே ஈக்வடார் தந்த தஞ்சம் லண்டன் நீதிமன்றத்தில் செல்லுபடியாகவில்லை. ஜாமீனை மீறியது குற்றம்தான். அதற்கு உங்கள் சட்டத்தில் உச்ச தண்டனை ஓராண்டு. தூதரகத்தில் கைதான அவருக்கு சவுத்வார்க் நீதிமன்றம் 2019 மே மாதம் 50 வாரம் விதித்தது.

செப்டம்பரில் அந்தத் தண்டனைக் காலம் முடிந்தும் அவர் வெளியே வரவில்லை. அவரை ஒப்படைக்கும்படி அமெரிக்கா கேட்டிருந்தது; முன்பு தலைமறைவானவர், மறுபடியும் ஆவார் என்று சொல்லி உள்ளேயே வைத்தார்கள். 2021 ஜனவரி 4 அன்று நீதிபதி வனெசா பரைட்சர், தற்கொலை அபாயத்தைக் காரணம் காட்டி, அவரை அமெரிக்காவிடம் ஒப்படைக்க மறுத்தார். அவரே இரண்டு நாள் கழித்து ஜாமீனையும் மறுத்தார். அமெரிக்காவின் மேல்முறையீடு பாக்கி இருந்தது உண்மை. ஆனாலும் தீர்ப்பில் வென்றவர் போனது பெல்மார்ஷுக்கு. தண்டனை தீர்ந்த ஒரு குற்றம், ஏறத்தாழ ஐந்து ஆண்டுச் சிறைக்குச் சாக்காக நின்றது.

இதைவிடப் பெரிய ஓட்டை நாடுகடத்தல் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்கா சுமத்திய 18 குற்றச்சாட்டுகளில் 17, 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டப்படியானவை. அரசின் ரகசிய ஆவணங்களைப் பெற்றதும் வெளியிட்டதும் குற்றம் என்றன. இரு நாடுகளும் 2003இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு, அரசியல் குற்றத்துக்காக எவரையும் ஒப்படைக்கக் கூடாது என்கிறது. அதே ஆண்டு நீங்கள் இயற்றிய நாடுகடத்தல் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. அரசியல் கருத்துக்காகப் பழிவாங்கப்படுபவரைக் காக்கும் விதி மட்டுமே மிஞ்சியது. ஒப்பந்தத்தைக் காட்டி அசாஞ்சே தரப்பு வாதாடியபோது, அதை வைத்து இங்கே உரிமை கோர முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். 1870இலேயே உங்கள் நாடாளுமன்றம் சட்டமாக்கிய பாதுகாப்பு இது!

உங்கள் நாற்காலியின் அதிகாரமும் சுருங்கியிருக்கிறது. 2012இல் அன்றைய உள்துறை அமைச்சர் தெரசா மே, கணினி ஊடுருவல் குற்றம் சாட்டப்பட்ட கேரி மெக்கின்னனை அமெரிக்காவிடம் ஒப்படைக்க மறுத்தார். மனித உரிமைதான் காரணம். அடுத்த ஆண்டே அந்தக் காரணத்தைப் பார்க்கும் பொறுப்பு அமைச்சரிடமிருந்து நீதிமன்றத்துக்குப் போனது. 2022 ஜூனில் அசாஞ்சேயின் கோப்பு வந்தபோது அப்போதைய அமைச்சர் பிரீத்தி படேல் ஒப்படைப்பு உத்தரவில் கையெழுத்திட்டார்.

எங்கள் கோரிக்கைகள் இரண்டு. அரசியல் குற்றத்துக்காக ஒப்படைப்பதற்கு இருந்த தடையை 2003 சட்டத்தில் மறுபடி எழுதுங்கள். நாடுகடத்தல் வழக்கு முடியும்வரை ஒருவரை அடைத்துவைக்கக் கால வரம்பு வையுங்கள். அது தாண்டினால் கடும் நிபந்தனையோடு வீட்டுக்காவலாவது கொடுங்கள்.

ஜாமீனை மீறியவரைத் தண்டிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தத் தண்டனை தீர்ந்தபின், அவரை வேறொரு நாட்டிடம் ஒப்படைப்பது நியாயமா என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லும் கடமையும் உண்டு. இதற்கு ஒரு திருத்த மசோதா போதும். அதைக் கொண்டுவர வேண்டியவர் நீங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர்